நட்சத்திர வெளிச்சம் லேட்டா வருதுன்னா நாம அளக்குற வேகம் எல்லாம் தப்பா?

கேள்வி இதுதான்: பர்னார்ட் நட்சத்திரத்தோட வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேர 6 வருஷம் ஆகுது, அப்போ அது வானத்துல நகருற வேகம்னு அளக்குறது எல்லாம் 6 வருஷப் பழசுதானே, அதுவும் அது நம்மள நோக்கி வந்துட்டு இருக்குற நட்சத்திரம், வர வர தூரம் குறையுது, வெளிச்சம் வர்ற நேரமும் குறையுது, இதெல்லாம் சேர்ந்தா அளந்த வேகமே பொய்யாயிடாதா? கூடவே கடைசியில ஒரு வரி, எம்87 கேலக்சியில ஏதோ ஒளிய விட 6 மடங்கு வேகமா போகுதுன்னு படிச்சேனே, அதுவும் இதே சமாச்சாரம்தானான்னு.

ஆமா, அதுவும் இதேதான். ஆனா அதை கடைசிக்கு வச்சுக்கலாம், ஏன்னா அது புரியணும்னா பர்னார்ட் நட்சத்திரத்துல சின்னதா நடக்குறது முதல்ல புரியணும்.

தாமதம் இருக்குங்கிறதால மட்டும் எந்த வேகமும் தப்பாகாது. ஒருத்தர் தினம் ஒரு லெட்டர் போடுறாரு, ஒவ்வொண்ணும் வந்து சேர 10 நாள் ஆகுதுன்னு வைங்க. அவரு ஒரே இடத்துல உக்காந்திருந்தா உங்களுக்கும் தினம் ஒரு லெட்டர்தான் வரும், சேதி 10 நாள் பழசு, அவ்ளோதான், "தினம் ஒண்ணு"ங்கிற கணக்குல ஒரு குறையும் இருக்காது. இப்போ அவரு உங்க பக்கமா நடந்து வந்துகிட்டே லெட்டர் போட்டா என்னாகும், நேத்து போட்டதை விட இன்னைக்கு போட்டது கொஞ்சம் கம்மி தூரம் வந்தா போதும், அதனால லெட்டருக்கும் லெட்டருக்கும் நடுவுல இருக்குற இடைவெளி ஒரு நாளை விட கம்மியாயிடும், அவரு தினம் ஒண்ணுதான் போடுறாரு ஆனா உங்க கைக்கு அதைவிட அடிக்கடி வருது. விலகிப் போனா நேர் எதிர். ஆக 10 நாளா 100 நாளாங்கிறது விஷயமே இல்ல, அந்த 10 நாள் எவ்ளோ சீக்கிரம் 9 நாளா மாறுதுங்கிறதுதான் விஷயம். இந்த ஒரு வரியை மட்டும் பிடிச்சுக்கிட்டீங்கன்னா மிச்சம் எல்லாமே இதுல இருந்து வந்துடும், நான் கீழ சொல்லப்போறது அத்தனையும் இதோட பேரப்பிள்ளைங்கதான்.

இதை முதல்ல கவனிச்சது 1676ல ஓலே ரோமர். வியாழனோட அயோ நிலா 42 மணி நேரம் 28 நிமிஷத்துக்கு ஒரு தடவை சுத்தி வரும், ஆனா பூமி வியாழனை விட்டு விலகிப் போற மாசங்கள்ல அதோட கிரகணம் கொஞ்சம் கொஞ்சமா லேட்டாகிட்டே போகுது, கிட்ட வர்ற மாசங்கள்ல சீக்கிரமாகிட்டே வருது. அயோ தன் பாட்டுக்கு ஒழுங்காத்தான் சுத்துது, தூரம்தான் மாறுது.

இப்போ பர்னார்டுக்கு வருவோம். தூரம் 5.96 ஒளியாண்டு, வானத்துல வருஷத்துக்கு 10.4 ஆர்க்செகண்ட் நகருது (ஒரு டிகிரியை 3,600ஆப் பிரிச்சா அதுல ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்). நமக்குத் தெரிஞ்ச நட்சத்திரங்கள்லயே இதுதான் அதிகம், 1916ல பர்னார்ட் இதைக் கண்டுபிடிச்சாரு. முழு நிலா அகலத்தைக் கடக்க சுமார் 175 வருஷம். பக்கவாட்டு வேகம் செகண்டுக்கு 90 கிமீ, நம்மள நோக்கி வர்ற வேகம் செகண்டுக்கு 110 கிமீ. ஒளிவேகத்தோட ஒப்பிட்டா 110ங்கிறது 0.00037 பங்கு. அப்படின்னா அந்த நட்சத்திரத்தோட ஒரு வருஷம் முழுக்கக் கிளம்புன வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேர ஒரு வருஷத்துக்கு 3 மணி நேரம் சொச்சம் கம்மியாத்தான் எடுத்துக்கும். அது ஒரு வருஷத்துல நகர்ந்த தூரத்தை நாம 3 மணி நேரம் கம்மியான வருஷத்துல பாக்குறோம், அதனால 90 கிமீன்னு இருக்குற பக்கவாட்டு வேகம் நமக்கு 90.033னு தெரியும். செகண்டுக்கு 33 மீட்டர் கூடுதல். விலகிப் போற நட்சத்திரத்துக்கு உதாரணம் காப்டைன் நட்சத்திரம், அது செகண்டுக்கு 245 கிமீல நம்மள விட்டு ஓடுது, அதோட பக்கவாட்டு வேகம் 160 கிமீ பக்கம், அதுல 130 மீட்டர் நமக்குக் குறைவாத் தெரியும்.

33 மீட்டர் எல்லாம் ஒரு விஷயமான்னு கேப்பீங்க. நட்சத்திரங்களோட இடத்தை அளந்த ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் காலத்துல பெருசா யாரும் கவலைப்படல. அதே வேலைக்கு கையா செயற்கைக்கோள் வந்தப்புறம் நிலைமை வேற, பர்னார்டோட பாரலாக்ஸ் (பூமி சூரியனைச் சுத்துறதால நட்சத்திரம் ஆடுற மாதிரி தெரியுற கோணம், அதை வச்சுத்தான் தூரத்தைக் கணக்குப் போடுறாங்க) 547 மில்லி ஆர்க்செகண்ட், அதுல இருக்குற பிழை ஒரு மில்லி ஆர்க்செகண்டுல இருபதுல ஒரு பங்குக்கும் கம்மி, அதாவது தூரமே 10,000ல ஒரு பங்கை விட துல்லியமாத் தெரியும், ப்ராப்பர் மோஷன், அதாவது வானத்துல வருஷத்துக்கு நகருற கோணம், அதைவிட துல்லியம். வெளிச்சத்தோட பயண நேரத்தால வர்ற வித்தியாசமோ 10,000ல கிட்டத்தட்ட 4 பங்கு. அளவோட பிழைய விட இந்த விளைவு பெருசு, அப்போ இதைக் கண்டுக்காம விட்டா உண்மையிலயே தப்பான வேகத்தைத்தான் எழுதுவீங்க.

இங்க ஒரு குழப்பம் நிறைய பேருக்கு வருது, எனக்கும் இருந்துச்சு. கேட்டலாக்ல போட்டிருக்குற ப்ராப்பர் மோஷன் இந்த விளைவை சரி பண்ணதா பண்ணாததா? பண்ணாதது. அது கோண வேகம் மட்டும்தான், நம்ம கடிகாரத்துல ஒரு வருஷத்துக்கு வானத்துல எவ்ளோ கோணம் நகர்ந்துச்சுங்கிறது, அதுல பொய் எதுவுமில்ல, பாத்ததைப் பாத்தபடி எழுதி வச்சிருக்காங்க. கையாவோட மூணாவது வெளியீட்டுல 2016.0ங்கிற தேதிக்கு இடம் குடுத்திருக்காங்கன்னா நட்சத்திரம் அன்னைக்கு அங்க இருந்துச்சுன்னு அர்த்தமில்ல, அங்கிருந்து கிளம்புன வெளிச்சம் சூரியக் குடும்பத்தோட நிறை மையத்துக்கு அன்னைக்கு வந்து சேந்துச்சுன்னு அர்த்தம். நீங்க அந்தக் கோணத்தை பார்செக்ல இருக்குற தூரத்தால பெருக்கி (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு), 4.74ஆல பெருக்கி செகண்டுக்கு இத்தனை கிலோமீட்டர்னு மாத்துறீங்க பாருங்க, அந்த நிமிஷத்துலதான் ரேடியல் வேகத்தை (நம்மள நோக்கியோ விலகியோ போற வேகம்) ஒளிவேகத்தால வகுத்து அதோட 1ஐக் கூட்டுனா வர்ற காரணி உள்ள வரணும், வந்த விடைய அதால பெருக்கணும். கிட்ட வர்றதுக்கு ரேடியல் வேகம் மைனஸ்ங்கிறதை மறந்துடாதீங்க, நான் முதல் தடவை ப்ளஸ்னு போட்டுட்டு அரை நாள் வீணாக்குனேன்.

அப்போ "இப்போ" அந்த நட்சத்திரம் எங்க இருக்குன்னு கேட்டா, வருஷத்துக்கு 10.4 வீதம் 6 வருஷத்துக்கு 62 ஆர்க்செகண்ட் தள்ளி இருக்கும். ஒரு ஆர்க்நிமிஷம், நம்ம கண்ணால பிரிச்சுப் பாக்குற எல்லை கிட்டத்தட்ட அதுதான், அந்த நட்சத்திரமே வெறும் கண்ணுக்குத் தெரியாதுங்கிறது வேற கதை. அதோட நமக்கு 2,000 கோடி கிமீ கிட்டவும் வந்திருக்கும். வியாழனுக்கு எல்லாம் இந்தத் திருத்தத்தைப் போட்டுத்தான் பஞ்சாங்கம் கணிக்கிறாங்க, அங்கிருந்து வெளிச்சம் வர சுமார் 33ல இருந்து 54 நிமிஷம் வரைக்கும் ஆகும், தூரமும் சுற்றுப்பாதையும் அத்துப்படி. நட்சத்திரத்துக்குப் போடுறதில்ல. போடணும்னா தூரம் வேணும், ரேடியல் வேகம் வேணும், நடுவுல அது ஜோடி நட்சத்திரத்தோட சுத்திட்டு இருந்தா அதுவும் வேணும், பெரும்பாலான நட்சத்திரத்துக்கு இதுல ஏதாவது ஒண்ணு சரியா இருக்காது. அதனால வானியல்ல "எங்க பாத்தோமோ அங்க"ங்கிறதுதான் சட்டம், யாருக்கும் இதனால தொந்தரவு இல்ல, டெலஸ்கோப்பைத் திருப்ப வேண்டியதும் வெளிச்சம் வர்ற திசைக்குத்தானே.

இன்னொரு அழகான விஷயம். நட்சத்திரம் நேர்கோட்டுல ஒரே வேகத்துல போகுதுன்னா, வெளிச்சத்தோட தாமதம் அது வானத்துல போற பாதைய மாத்தவே மாத்தாது. ரயில் தண்டவாளம் அதேதான், டைம் டேபிள் மட்டும்தான் மாறும், எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்குங்கிறது.

பூமி சுத்துறதாலயும் தாமதம் மாறும், இதைப் பல பேர் மறந்துடுறாங்க. ஒரு நட்சத்திரத்தை நோக்கி இருக்குற பக்கத்துல பூமி இருந்தா வெளிச்சம் சூரியனுக்கு வர்றதை விட அதிகபட்சம் 499 செகண்ட் முன்னாடியே நம்மகிட்ட வந்துடும், ஆறு மாசம் கழிச்சு அந்தப் பக்கம் போனா 499 செகண்ட் லேட். எட்டேகால் நிமிஷத்துல நட்சத்திரம் என்ன நகர்ந்துடப் போகுதுன்னு தோணும், ஆனா பர்னார்ட் அந்த நேரத்துல 0.16 மில்லி ஆர்க்செகண்ட் நகர்ந்திருக்கும். ஹிப்பார்கோஸ்ல ஒரு மில்லி ஆர்க்செகண்ட் துல்லியம்தான், கண்ணுல படாது. கையாவுக்கு இது நல்லாவே தெரியும், விட்டுட்டா பாரலாக்ஸ்ல போய் கலந்து உக்காந்துக்கும், ஏன்னா ரெண்டுக்குமே சுழற்சி ஒரு வருஷம்தான்.

இதுவரைக்கும் சொன்னது தாமதம் மட்டும். அடுத்தது வடிவியல், நேர்மையாச் சொன்னா பர்னார்ட் மாதிரி நட்சத்திரத்துக்கு இதுதான் பெரிய ஆள்.

ரோட்டு ஓரமா நின்னு தூரத்துல வர்ற லாரியைப் பாருங்க. ரொம்ப தூரத்துல இருக்கும்போது நேரா உங்க மேலயே வர்ற மாதிரி இருக்கும், பக்கவாட்டுல நகருறதே தெரியாது. கிட்ட வர வர கோணம் மாறுற வேகம் ஏறிக்கிட்டே போகும், உங்களைத் தாண்டுற அந்த நொடியில தலையைச் சடக்குனு திருப்பணும். லாரி அதே வேகத்துலதான் வந்துச்சு. நட்சத்திரமும் அப்படித்தான், நேர்கோட்டுல மாறாத வேகத்துல போனாலும் நம்ம பார்வைக்கோடு திரும்பிக்கிட்டே இருக்குறதால ரேடியல் வேகத்துல ஒரு பங்கு பக்கவாட்டு வேகமா மாறிக்கிட்டே இருக்கும், தூரமும் குறைஞ்சுகிட்டே இருக்கும், ரெண்டும் சேர்ந்து கோண வேகத்தைக் கூட்டும். பெர்ஸ்பெக்டிவ் ஆக்சிலரேஷன்னு பேரு. உண்மையில யாரும் அதைத் தள்ளல இழுக்கல, ஆனா முடுக்கம் மாதிரியே தெரியும். பர்னார்டுக்கு இது வருஷத்துக்கு 1.3 மில்லி ஆர்க்செகண்ட் அளவுக்கு ப்ராப்பர் மோஷனைக் கூட்டுது. சின்ன நம்பர்தான், ஆனா இடம்னு பாத்தா காலத்தோட ஸ்கொயர்ல ஏறும், 50 வருஷத்துல ஒன்றரை ஆர்க்செகண்டுக்கு மேல, பழைய ஃபோட்டோ தட்டுல கூடப் பிடிச்சுடலாம். ஹிப்பார்கோஸ் கேட்டலாக்ல இதை 21 நட்சத்திரத்துக்கு மட்டும் கணக்குல எடுத்தாங்க, மிச்சத்துக்குத் தேவைப்படல.

இதுக்கு மறுபக்கம் ஒண்ணு இருக்கு, அது எனக்கு இன்னும் பிடிக்கும். நம்மள நோக்கி வர்ற வேகம் பக்கவாட்டு வேகமா மாறுதுன்னா ரேடியல் வேகமும் மாறித்தானே ஆகணும்? மாறுது. பக்கவாட்டு வேகத்தோட ஸ்கொயரைத் தூரத்தால வகுத்தா வர்றது, பர்னார்டுக்கு வருஷத்துக்கு செகண்டுக்கு 4.5 மீட்டர். அந்த மைனஸ் 110 கிமீ இப்போதைக்கு வருஷத்துக்கு 4.5 மீட்டர் வீதம் சீரோவை நோக்கி வருது, நட்சத்திரம் கிட்ட வர வர இந்த வீதமும் ஏறும். கிபி 11,800 வாக்குல அது நம்மகிட்ட 3.75 ஒளியாண்டு தூரத்துக்கு வந்து தாண்டும்போது சீரோவாகி, அப்புறம் ப்ளஸ் ஆயிடும். கவனிங்க, ஸ்கொயர்ங்கிறதால நட்சத்திரம் வந்தாலும் சரி போனாலும் சரி இந்த மாற்றம் எப்பவும் ப்ளஸ் பக்கம்தான்.

4.5 மீட்டர் ஏன் முக்கியம்னா, 2024ல பர்னார்டைச் சுத்தி ஒரு கிரகம் இருக்குன்னு எஸ்ப்ரெஸ்ஸோ கருவிய வச்சு அறிவிச்சாங்க, சுற்றுக்காலம் 3.15 நாள், அந்தக் கிரகம் நட்சத்திரத்தை ஆட்டுறது செகண்டுக்கு அரை மீட்டர் சொச்சம்தான். கிரகம் குடுக்குற ஆட்டம் அரை மீட்டர், வெறும் வடிவியல் குடுக்குற நகர்வு வருஷத்துக்கு 4.5 மீட்டர். இதை முதல்ல கழிக்காம டேட்டாவைத் தொடவே முடியாது. நல்லவேளை, ஒண்ணு நேர்கோடு மாதிரி ஒரே பக்கம் போகும், இன்னொண்ணு 3 நாளுக்கு ஒரு தடவை மேலயும் கீழயும் ஆடும், பிரிக்கிறது கஷ்டமில்ல.

இப்போ தாமதத்தையும் வடிவியலையும் ஒண்ணா சேத்துப் பாருங்க. ரேடியல் வேகம் எப்பவும் ப்ளஸ் பக்கமா ஏறுதுன்னா தாமதம் மாறுற வேகமும் மாறிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம், அப்போ அந்த நட்சத்திரத்துல ஒரு கடிகாரம் இருந்தா அது கொஞ்சம் கொஞ்சமா மெதுவாகுற மாதிரி நமக்குத் தெரியணும். அப்படிக் கடிகாரம் வச்சிருக்குற நட்சத்திரங்கள் உண்டு, பல்சார், அதாவது சுழன்றுகிட்டே சீரா ரேடியோ துடிப்பு அனுப்புற நியூட்ரான் நட்சத்திரம். 1970ல ஷ்க்லோவ்ஸ்கி இதைச் சொன்னாரு. பிஎஸ்ஆர் ஜே0437-4715ன்னு ஒரு பல்சார், 157 பார்செக் தூரத்துல, ஒரு வெள்ளைக் குள்ளனோட (எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்தோட சுருங்குன கரு) ஜோடியா 5.74 நாளுக்கு ஒரு சுத்து சுத்துது. அந்த 5.74 நாள் மெதுவா நீண்டுகிட்டே போறதை அளந்திருக்காங்க, 30 வருஷத்துல கூடுறது ஒரு செகண்டுல 1,000ல மூணரை பங்கு. ஜோடி நிஜமா விலகுதான்னா இல்ல, அந்த நீட்சி கிட்டத்தட்ட முழுக்க முழுக்க இந்த வடிவியல்தான், பல்சார் பக்கவாட்டுல செகண்டுக்கு 105 கிமீ போறதோட நிழல். இதுல ஒரு லாபம் என்னன்னா, அளவு பக்கவாட்டு வேகத்தோட ஸ்கொயர் வகுத்தல் தூரம், பக்கவாட்டு வேகம்னா கோண வேகம் பெருக்கல் தூரம், கோண வேகம் ஏற்கெனவே தெரியும், மிச்சம் தெரியாதது தூரம் மட்டும்தான். அப்போ கடிகாரம் மெதுவாகுறதை வச்சே தூரத்தைக் கண்டுபிடிச்சுடலாம், பாரலாக்ஸே வேண்டாம். தொல்லைன்னு நினைச்சது அளவுகோலா மாறிடுச்சு.

ஒரே நட்சத்திரத்துல நடக்குறதுதான் கூட்டத்துலயும். ரோகிணிக்குப் பக்கத்துல வி எழுத்து மாதிரி தெரியுதே ஹயாடீஸ் கூட்டம், அதுல இருக்குற நட்சத்திரங்க எல்லாம் வானத்துல ஒரே புள்ளிய நோக்கி ஒடுங்குற மாதிரி நகருது, லூயிஸ் பாஸ் 1908ல இதைக் காட்டினாரு. உண்மையில எல்லாம் இணையாத்தான் போகுது, தண்டவாளம் தூரத்துல ஒண்ணா சேருற மாதிரிதான் இது. ரோகிணியே அந்தக் கூட்டத்துல இல்ல, அது 65 ஒளியாண்டுல முன்னாடி நிக்குது, கூட்டம் 150 ஒளியாண்டுல பின்னாடி இருக்கு. அந்த ஒடுங்குற புள்ளிய வச்சு ஹயாடீஸோட தூரத்தை அளந்ததுதான் ரொம்ப நாளைக்கு மத்த தூரக் கணக்குக்கெல்லாம் அஸ்திவாரமா இருந்துச்சு. ஒமேகா செண்டாரி மாதிரி பெரிய கோளக் கொத்துல (லட்சக்கணக்கான நட்சத்திரங்க உருண்டையாத் திரண்ட கூட்டம்) வேற மாதிரி ஏமாத்தும், அது வானத்துல அரை டிகிரிக்கு விரிஞ்சிருக்கு, முழுக் கொத்தும் பக்கவாட்டுல செகண்டுக்கு 190 கிமீ போல போகுது, நாம அதோட இந்தக் கோடிய பாக்குற திசையும் அந்தக் கோடிய பாக்குற திசையும் அரை டிகிரி வேற, அதனால ஒரு கோடி நம்மள நோக்கியும் இன்னொரு கோடி விலகியும் போற மாதிரி ஒன்றரை கிமீக்கு மேல போலிச் சுழற்சி வந்துடும். கொத்துக்கு நிஜமான சுழற்சியும் இருக்கு, அதைப் பிரிச்சு எடுக்காம அதோட எடைய கணக்குப் போட முடியாது.

வடிவியலை மட்டும் வச்சு, ஸ்பெக்ட்ரமே பாக்காம ரேடியல் வேகத்தை அளக்கலாமான்னா அளக்கலாம், ப்ராப்பர் மோஷன் எவ்ளோ வேகமா மாறுதுங்கிறதுல இருந்து. எதுக்கு இந்த வம்பு, ஸ்பெக்ட்ரம் கோடு நகருறதை வச்சு வேகத்தை அளக்குற டாப்ளர் இருக்கேன்னு தோணும். ஆனா ஸ்பெக்ட்ரம் கோடு நகருறதுக்கு வேகம் மட்டும் காரணமில்ல, ஈர்ப்பும் இழுத்துப் பிடிக்கும், சூரியனுக்கே அது செகண்டுக்கு 600 மீட்டருக்கு மேல, சிரியஸ் பி மாதிரி வெள்ளைக் குள்ளனுக்கு 80 கிமீ. வடிவியலுக்கு அந்தப் பிரச்னை எதுவும் இல்ல, அது நேரா இடத்தை மட்டும்தான் பாக்குது.

இதோட எல்லாரும் போட்டுக் குழப்புற இன்னொண்ணு அபரேஷன். இது வெளிச்சம் லேட்டா வர்றதால இல்ல, நாம ஓடுறதால வர்றது, மழையில ஓடுனா சாரல் முன்னாடி இருந்து அடிக்கிற மாதிரி. பூமி செகண்டுக்கு 30 கிமீ ஓடுறதால எல்லா நட்சத்திரமும் வருஷத்துக்கு ஒரு தடவை 20.5 ஆர்க்செகண்ட் வரைக்கும் ஆடும், 1728ல ஜேம்ஸ் பிராட்லி பாரலாக்ஸைத் தேடப் போய் இதைக் கண்டுபிடிச்சாரு. இதுலயும் நம்ம முதல் வரிதான் ஆளுது, எவ்ளோங்கிறது இல்ல, எவ்ளோ சீக்கிரம் மாறுதுங்கிறதுதான் விஷயம். சூரியனே கேலக்சி மையத்தைச் சுத்தி செகண்டுக்கு 230 கிமீக்கு மேல போகுது, அதனால மொத்த வானமும் இரண்டரை ஆர்க்நிமிஷத்துக்கு மேல முன்பக்கமா ஒதுங்கித்தான் கிடக்கு, எந்நேரமும். யாருக்குமே தெரியாது, மாறாத ஒதுக்கத்தை எதோட ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பீங்க? ஆனா சூரியன் வளைஞ்சு போறதால அந்தத் திசை துளித்துளியா மாறுது, தூரத்துக் குவாசார்கள் (கருந்துளையால பிரகாசமா எரியுற கேலக்சி மையங்கள்) எல்லாம் வருஷத்துக்கு 5 மைக்ரோ ஆர்க்செகண்ட் வீதம் கேலக்சி மையத்தை நோக்கி நகருற மாதிரி தெரியணும், 2020ல கையா டேட்டாவுல அது அப்படியே கிடைச்சுது. ஒரு ஆர்க்செகண்டுல 2 லட்சத்துல ஒரு பங்கு. எனக்கு இதை முதல்ல படிச்சப்போ நம்பவே முடியல.

சரி, ஒளிய விட வேகமா போற கதை. மேல பர்னார்டுல 33 மீட்டர்னு பாத்தோமே, அதே காரணியத்தான் இங்கயும் பயன்படுத்தப் போறோம், வேகம்தான் வேற. ஒரு வாயுக் கட்டி 5 வருஷத்துல நம்மள நோக்கி 4 ஒளியாண்டும் பக்கவாட்டுல 2 ஒளியாண்டும் போகுதுன்னு வைங்க. மொத்தம் போனது 4.47 ஒளியாண்டு, அதாவது ஒளிவேகத்துல 89 சதவீதம், சட்டத்துக்கு உட்பட்டதுதான். கிளம்பும்போது ஒரு வெளிச்சம் விடுது, 5 வருஷம் கழிச்சு இன்னொண்ணு விடுது. ரெண்டாவது வெளிச்சம் 5 வருஷம் லேட்டாக் கிளம்புது, ஆனா 4 ஒளியாண்டு கிட்ட இருந்து கிளம்புது, ஆக நம்மகிட்ட ஒரே ஒரு வருஷம் லேட்டா வந்து சேரும். நாம என்ன பாக்குறோம்? ஒரு வருஷத்துல 2 ஒளியாண்டு பக்கவாட்டுல போயிடுச்சு. ஒளிவேகத்தோட 2 மடங்கு. இதுல கட்டி எதையும் மீறல, தன்னோட வெளிச்சத்தைத் தானே துரத்திட்டு வருது, அதனால 5 வருஷத்துப் படம் ஒரு வருஷத்துக்குள்ள சுருண்டுடுது. இன்னும் வேகமாவும் இன்னும் நம்ம பக்கமாத் திரும்பியும் வந்தா 6 மடங்கு, 10 மடங்கு எல்லாம் சாதாரணம், எம்87 கேலக்சியோட மையத்துல இருந்து பீய்ச்சி அடிக்கிற ஜெட்ல ஹப்பிள் டெலஸ்கோப் பாத்த 6 மடங்கு இதுதான். இப்படித் தெரியலாம்னு மார்ட்டின் ரீஸ் 1966லயே சொல்லிட்டாரு, நாலஞ்சு வருஷத்துல 3சி 279, 3சி 273 குவாசார்கள்ல ரேடியோ டெலஸ்கோப்பை எல்லாம் இணைச்சுப் பாத்தப்போ அப்படியே தெரிஞ்சுது.

குவாசார்ல பெரும்பாலும் நம்ம பக்கம் வர்ற ஜெட் மட்டும்தான் கண்ணுல படும், எதிர்ப்பக்கம் ரொம்ப மங்கிப் போயிடும், அதனால கோணம் என்னன்னு ஊகிக்கத்தான் வேண்டியிருக்கு. நம்ம கேலக்சியிலயே இருக்குற ஜிஆர்எஸ் 1915+105ங்கிற கருந்துளை ஜோடியில ஜெட்டோட ரெண்டு பக்கமும் தெரிஞ்சுது, 1994ல மிராபெலும் ரோட்ரிகெஸும் அளந்தாங்க, நம்ம பக்கம் வர்ற கட்டி ஒரு நாளைக்கு 17.6 மில்லி ஆர்க்செகண்ட், அந்தப் பக்கம் போறது 9.0. ரெண்டும் ஒரே வேகத்துல எதிரெதிரா போகுதுன்னு எடுத்துக்கிட்டா இந்த ரெண்டோட வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால வகுத்தா போதும், 8.6 வகுத்தல் 26.6, அதாவது 0.323, இதுதான் நம்மள நோக்கி வர்ற வேகம், ஒளிவேகத்தோட பங்குல. தூரமே தேவைப்படல, தாமதம் மாறுறதால மட்டும் வந்த ஏற்றத்தாழ்வு அது.

பக்கவாட்டு வேகத்துக்குத்தான் தூரம் வேணும், அன்னைக்கு 12.5 கிலோபார்செக்னு எடுத்தாங்க, வர்ற கட்டி ஒளிய விட 1.25 மடங்குல போற மாதிரி தெரிஞ்சுது, நிஜ வேகம் 0.92, கோணம் 70 டிகிரின்னு முடிவு வந்துச்சு. 2014ல அதோட பாரலாக்ஸை அளந்தப்போ தூரம் 8.6 கிலோபார்செக்னு வந்துச்சு, அதுலயும் ரெண்டு கிலோபார்செக் வரைக்கும் முன்ன பின்ன இருக்கலாம். அதைப் போட்டுப் பாருங்க, அந்தக் கட்டியோட தோற்ற வேகம் ஒளிவேகத்துல 0.87க்கு இறங்கிடுது, நிஜ வேகம் மூணுல ரெண்டு பங்கு, கோணம் 60 டிகிரி பக்கம். "ஒளியை மிஞ்சுது"ங்கிற தோற்றமே அந்தக் கட்டிக்கு இல்லாமப் போயிடுச்சு, 17.6ம் 9.0ம் அதுல இருந்து வந்த 0.323ம் மட்டும் தூரம் மாறினதுல அசையாம அப்படியே இருக்கு.